இரண்டாமவளின் பெயர்

பதிவேட்டில் மார்ச்சுக்குப் பதினோரு பக்கம்.
ஏப்ரல் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது.
புரட்டிப் பார்த்த மேலதிகாரி
"இந்த மாதம் கூட்டம் குறைவு போல" என்றார்,
மழைக்குப் பயந்து
சந்தைக்கு ஆள் வராததைப் போல.

நான் செவிலி. ருவென்சோரி மலைச்சரிவில்
இரண்டு கட்டில், ஒரு தராசு,
பாதரசம் ஏறி இறங்கும் ஓர் அழுத்தக் கருவி,
வெயில் இருக்கும்போது மட்டும் எரியும்
ஒரு சூரிய விளக்கு.

வயிறுகள் குறையவில்லை.
வாசலில் நான் கயிறு கட்டியிருந்தேன்.

கபூகோ வந்தது ஏழாம் தேதி.
தலைச்சன் சூல். பாதம் வீங்கி
செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.
இருமினாள், ஒருமுறை.
"அடுப்புப் புகை, வேறொன்றுமில்லை" என்றாள்.
என்னிடம் இருந்தது ஒரே முகக்கவசம்,
துவைத்துத் துவைத்து நூல் தெரிந்தது.
வீட்டில் எனக்கும் பால் குடிக்கும் பிள்ளை.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே
"இரண்டு வாரம் கழித்து வா" என்றேன்.

கருவியின் பட்டை
மேசைமேல் சுருண்டு கிடந்தது.
அவள் பெயருக்கு நேரே
அந்தக் கட்டம் இன்னும் காலி.

பதினோராம் நாள் இரவு
தலை வலிக்கிறது என்றாளாம்.
கண்ணுக்குள் மின்மினி பறக்கிறது என்றாளாம்.
பிறகு கட்டில் ஆடத் தொடங்கியது.

கணவன் பலூக்கு ஓடிப்போய்
மோட்டார்சைக்கிள் முஹிண்டோவின் கதவைத் தட்டினான்.
இருவர் ஏறினால் அடி விழும்,
வண்டி போய்விடும்,
அனுமதிச் சீட்டு இருந்தால் வருகிறேன் என்றான் அவன்.
சீட்டு எழுதுபவர் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி
உறங்கிக்கொண்டிருந்தார்.
சீட்டு வாங்கப் போவதற்கு
சீட்டு எதுவும் இல்லை.

சமையலறைக் கதவைக் கழற்றி
அதில் கிடத்தித் தூக்கி வந்தார்கள்.
எத்தனை பேர் என்று சொல்ல
நாக்கு கூசுகிறது.
நாலு பேர்.
முஹிண்டோவும் அதில் ஒருவன்.

வழியில், வாழைத்தோட்டத்தில், பிள்ளை பிறந்தது.
பெண்.
அழவில்லை.

தாயைப் பிழைக்கவைத்தேன்.
இதைச் சொல்லும்போதெல்லாம்
குரலை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.
அலமாரியில் மக்னீசியம் ஊசி மிச்சமிருந்தது,
அவ்வளவுதான்.

நிலையத்துக்கு வெளியே பிறந்ததால்
அந்தக் குழந்தைக்கு ஏட்டில் வரி கிடையாது.
காலையில் வானொலி
எங்கள் மாவட்டத்தில்
தொற்றால் இறந்தவர் பூச்சியம் என்றது.
உண்மைதான்.

அடுத்த ஆண்டு நவம்பர்.
கயிறு எப்போதோ ஆடு கட்டப் போயிருந்தது.
கபூகோ வந்தாள்.
உட்காரும் முன்பே
கையை நீட்டிவிட்டாள்.
பட்டையைச் சுற்றினேன், காற்றை அழுத்தினேன்.
ஒருமுறை போதும், மூன்று முறை அளந்தேன்.
"இறுக்குகிறது" என்றாள்.
"தெரியும்" என்றேன்.

ஜனவரியில் பெண் குழந்தை.
அந்த அழுகைக்கு
கூரையிலிருந்த பல்லி ஓடிப்போனது.

எங்கள் கொன்சோ வீடுகளில்
பெயர் தேடி யாரும் அலைவதில்லை.
மூத்த பெண் மசிக்கா.
அடுத்தவள் பீரா.
பிறந்த வரிசையே பெயர்.
தெரிந்த பதில்தான். ஆனாலும்
பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு
கேட்டேன்.

சுவர்ப் பக்கம் பார்த்தபடி
"பீரா" என்றாள்.

அந்த வீட்டில் மசிக்கா என்று கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்க ஆளில்லை.
இவளோ கிழவியாகும் வரை
பெயர் கேட்பவரிடமெல்லாம்
நான் இரண்டாவது, நான் இரண்டாவது
என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எழுதினேன்.
பிறகு பழைய ஏட்டை எடுத்தேன்.
அந்தக் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிடலாம்,
நூற்றிருபது, எண்பது,
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்.

வெளியே ஒருத்தி இருமினாள்.
பேனாவை மூடிவிட்டு
"உள்ளே வா" என்றேன்.